அம்மா அப்பாவின் போனைப் பாதுகாப்பாக்குவது எப்படி? ஒவ்வொரு படியாக

வயதானவர்களுக்கு இணையப் பாதுகாப்பு கற்றுத்தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் அவர்களைப் பயமுறுத்துகிறோம். 'எதையும் தொடாதீர்கள், எதையும் அழுத்தாதீர்கள்' என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர், ஏதாவது தவறாக நடந்தால் நம்மிடம் மறைக்கத்தான் பார்ப்பார். ஏமாற்றுக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். என் பெற்றோரின் போன்களில் செய்து, இன்றுவரை நிலைத்திருக்கும் முறையை எழுதுகிறேன். இரண்டும் ஆண்ட்ராய்டு போன்கள்.

படி 1: போன் அவர்கள் கையில் இருக்கட்டும்

நீங்கள் பிடுங்கிச் சரிசெய்து கொடுத்தால் அவர்களுக்கு ஒன்றும் மனத்தில் நிற்காது. அழுத்தும் விரல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். முதல் வேலையாக எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். எச்சரிக்கையைப் படிக்கவே முடியாதவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிப் பயனில்லை.

படி 2: கள்ள ஆப்களுக்கு வழியடைப்பது

திரைப்பூட்டு, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். பலரும் கவனிக்காதது, அமைப்புகளில் உள்ள 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற பட்டியல். தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். அதில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என ஒவ்வொன்றுக்கும் அனுமதியை நீக்குங்கள். அழைப்பிதழ், ரசீது என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) தெரியாமல் தட்டினாலும் அது உடனே உள்ளே நுழைந்துவிடாது.

படி 3: வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க பின்

இங்கேதான் எங்கள் வீட்டில் வண்டி நின்றது. அமைப்பது எளிது: செட்டிங்ஸ், அக்கவுண்ட், 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. ஓர் ஆறு இலக்க எண்ணை (இதுதான் பின்) வைத்துவிட்டால், எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை யாராவது தந்திரமாக வாங்கினாலும், இந்த எண் இல்லாமல் அவர்களால் கணக்கை வேறு போனில் திறக்க முடியாது.

சிக்கல் பிறகுதான் வந்தது. நாம் எண்ணை மறக்காமலிருக்க வாட்ஸ்அப் அவ்வப்போது தானாகவே அதைக் கேட்கும். 'யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லக்கூடாது' என்று பாடம் படித்திருந்த அப்பா, அதைக் கண்டதும் போனையே அணைத்து வைத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். பாடத்தில்தான் ஓட்டை இருந்தது.

இப்போது எங்கள் வீட்டு விதி இது: வாட்ஸ்அப்பை நீங்களாகத் திறக்கும்போது அதுவே கேட்டால், அந்த பின்னைத் தட்டலாம். மனிதர் கேட்டால், அவர் வங்கி அதிகாரியானாலும் பேரனானாலும், சொல்லக்கூடாது. யாரோ அனுப்பிய சுட்டியைத் தட்டியதும் வரும் பக்கம் கேட்டால், அதையும் மனிதர் கேட்டதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். எஸ்எம்எஸ் குறியீடு, பின் எண் இரண்டுமே ஆறு இலக்கம் என்பதால் குழப்பம் வரும். எஸ்எம்எஸ்ஸில் வருவது ஒருமுறைக்கானது, பின் எண் நாமே வைத்துக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி விளக்குங்கள்.

பின் எண்ணை அமைக்கும்போது மின்னஞ்சல் முகவரியும் கேட்கும். தாண்டிப் போகாதீர்கள். அது இல்லாமல் பின் எண் மறந்துபோனால் 7 நாள் காத்திருக்க நேரும்.

படி 4: 'உங்கள் போனில் வைரஸ்' அறிவிப்புகள்

போனுக்கு நோய் என்று அம்மா பதறினால், பெரும்பாலும் அது ஏதோ ஓர் இணையதளம் அனுப்பும் விளம்பரம். எப்போதோ 'அலவ்' என்ற பொத்தானைத் தட்டியிருப்பார். குரோமில் 'சைட் செட்டிங்ஸ்' உள்ளே 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்தத் தளங்களை நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் அனுமதி கேட்காதபடி அணைத்துவிடுங்கள். இதற்காகக் 'கிளீனர்' ஆப் எதையும் இறக்க வேண்டாம். அவற்றில் பலவும் விளம்பரக் குப்பை.

படி 5: அழைப்பை வெட்டப் பழக்குவது

மரியாதைக்காகவே பலர் அழைப்பை வெட்டுவதில்லை. ஆகவே ஒத்திகை பாருங்கள். நீங்கள் அடுத்த அறையிலிருந்து 'வங்கியிலிருந்து பேசுகிறேன், இப்போதே செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்' என்று மிரட்டுங்கள். அவர் 'பிறகு நானே கூப்பிடுகிறேன்' என்று சொல்லித் துண்டிக்க வேண்டும். திருப்பிக் கூப்பிடும் எண், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணாக இருக்க வேண்டும். வந்த அழைப்பின் எண்ணையோ இணையத் தேடலில் கிடைப்பதையோ நம்பக்கூடாது. என் அம்மா இரண்டாவது ஒத்திகையிலேயே என்னைத் திட்டிவிட்டு வெட்டினார்.

கருவிகளைப் பற்றி என் கருத்து

கடவுச்சொல் காக்கும் ஆப்கள் நல்லவைதான். ஆனால் எழுபதைத் தாண்டியவருக்கு நான் பரிந்துரைப்பது அலமாரியில் வைத்த ஒரு நோட்டுப் புத்தகம். தொலைவிலிருக்கும் திருடனால் அதைத் திறக்க முடியாது. வாட்ஸ்அப் பின் எண்ணையும் அதில்தான் எழுதினோம். மாறாக, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு ஆப்களை உதவிக்காகக்கூட நான் அவர்கள் போனில் போடுவதில்லை. அந்த ஆப் காட்டும் இணைப்பு எண்ணை என்னிடம் படித்துக் காட்டிப் பழகியவர், நாளை 'வங்கிக்காரர்' கேட்டாலும் படித்துக் காட்டுவார்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுக் கேட்கப்பட்டவை

மகன் குரலிலேயே பணம் கேட்டு அழைப்பு வந்தால்? இப்போது குரலைப் போலியாக உருவாக்க முடிகிறது. குடும்பத்துக்குள் ஒரு கேள்வியையும் பதிலையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறந்த நாள், நாய்க்குட்டியின் பெயர் வேண்டாம். அவையெல்லாம் முகநூலில் கிடக்கும்.

இன்னொருவரின் தந்தையிடம், நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அது அழைப்புகளைத் திருப்பிவிடும் குறியீடாக இருக்கலாம். குரல் அழைப்பில் வரும் குறியீடுகளும் திருடனுக்கே போகும். *#21# அழுத்தினால் திருப்பம் இருக்கிறதா என்று பெரும்பாலான நெட்வொர்க்குகளில் தெரியும், ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும். இந்த இரண்டையும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.