சீஸ் உருளைக்கிழங்கு கேசரோல்: புளிப்பு முந்தினால் கிழங்கு வேகாது

நவம்பர் நான்காம் வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங், நெருங்கினால் அமெரிக்கத் தமிழ் வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். வான்கோழியை விவரம் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். பூசணி பையைக் கடையில் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். 'சீஸி பொட்டேட்டோஸ்', அதாவது தட்டில் கொட்டி ஓவனில் சுடும் சீஸ் உருளைக்கிழங்கு கேசரோல், என்ற வரி மட்டும் அந்த வருடம் புதிதாக ஊருக்கு வந்தவர் தலையில் விழும். எல்லாவற்றையும் கிளறித் தட்டில் கொட்டி ஓவனுக்குள் தள்ளினால் முடிந்தது என்று வேறு சொல்லிக் கொடுப்பார்கள். வேலை அவ்வளவுதான், பொய்யில்லை. ஆனாலும் வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

யூட்டா மாநிலத்தில் இந்தப் பதார்த்தத்தின் பெயரே 'ஃப்யூனரல் பொட்டேட்டோஸ்', சாவு வீட்டு உருளைக்கிழங்கு. மார்மன் சபையின் மகளிர் அமைப்பான ரிலீஃப் சொசைட்டி, அடக்கம் முடிந்து வரும் குடும்பத்துக்குப் போடும் சாப்பாட்டில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின்போது இதன் உருவம் பொறித்த நினைவுப் பின்கூட விற்றது. மற்ற மாநிலங்களில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விருந்துகளில் ஹாமுக்கு (பதப்படுத்திய பன்றித்தொடை) பக்கத்தில் உட்காரும் துணைப் பதார்த்தம்.

முதலில் அளவு. 9க்கு 13 அங்குலத் தட்டு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு: உறைந்த ஹாஷ் பிரவுன் கிழங்கு (துருவியோ சதுரமாக நறுக்கியோ பாக்கெட்டில் வருவது) 30 முதல் 32 அவுன்ஸ் (சுமார் 900 கிராம்), கண்டென்ஸ்டு (கெட்டியாக்கிய) சூப் 10.5 அவுன்ஸ் டப்பா ஒன்று, சவர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்) 16 அவுன்ஸ், செடார் சீஸ் 8 அவுன்ஸ், வெண்ணெய் ஒரு ஸ்டிக் (113 கிராம்), நடுத்தர வெங்காயம் ஒன்று. மேலே தூவ, கையால் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் 2 கப், அதில் புரட்ட உருக்கிய வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 50 முதல் 60 நிமிடம்.

டைமர் வைக்க மறப்பது, தட்டில் வெண்ணெய் தடவாமல் விடுவதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். அவற்றை விட்டுவிடலாம்.

பச்சைக் கிழங்கைப் போடுவது

இந்த ஒரு தவறை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "உறைந்த கிழங்கு எதுக்கு? வீட்டில் அஞ்சு கிலோ மூட்டை இருக்கே" என்று ரசெட் கிழங்கைத் தோல் சீவி, சதுரமாக நறுக்கி, பச்சையாகவே சவர் கிரீமில் கலந்து ஓவனில் வைப்பது. நல்ல எண்ணம்தான், புதிதாகச் செய்தால் ருசி கூடும் என்ற நினைப்பு. விளைவு எப்படி இருக்கும் தெரியுமா? நாலரை மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குத் தட்டு உள்ளே போகிறது. நான்கு மணிக்கு மேற்பரப்பு பொன்னிறம், ஓரங்களில் குமிழி, வீடெல்லாம் மணம். கரண்டியை விட்டு ஒரு துண்டு எடுத்துக் கடித்தால் முள்ளங்கி மாதிரி நறுக்கென்கிறது. பதறிப்போய்ச் சூட்டை 400க்கு ஏற்றுகிறார்கள். இன்னும் நாற்பது நிமிடம். சீஸ் உருகிய கட்டத்தைத் தாண்டி, மஞ்சள் எண்ணெயாகக் கக்கி மேலே மிதக்கிறது. சவர் கிரீம் திரிந்து பன்னீர்ப் பொடி போல ஆகிவிட்டது. கார்ன்ஃப்ளேக்ஸ் கரி. கிழங்கு இன்னும் நறுக்கென்றுதான் இருக்கிறது. இருபது டாலர் சாமானும் நாற்பது நிமிடப் பதற்றமும் குப்பைக்கு.

இதில் எரிச்சல் என்னவென்றால், இதன் காரணம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். குழம்பில் காய் வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும்? காய் விறைத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு கொதித்தாலும் வேகாது. "காய் வெந்தாச்சான்னு பாத்துட்டுப் புளியை ஊத்து" என்பதைக் கேட்காமல் யாரும் நம் அடுப்படியில் வளர்ந்திருக்க முடியாது. சவர் கிரீமும் புளிதான். வெள்ளையாக, குளிர்ச்சியாக, பிளாஸ்டிக் டப்பாவில் வருவதால் அது புளி என்று தோன்றுவதில்லை, அவ்வளவே.

கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். அமிலம் இருக்கும் இடத்தில் அந்தப் பசை கரைய மறுக்கிறது. பாலிலும் சீஸிலும் உள்ள கால்சியமும் அதை இறுக்கிப் பிடிக்கிறது. கொண்டைக்கடலைக்கு ஆப்பசோடா போட்டால் சட்டென்று குழைவது இதற்கு நேர் எதிர்: அங்கே காரம் பசையைக் கரைக்கிறது. போதாததற்கு, இந்தக் கலவை கெட்டி. கிழங்கு வேகத் தேவையான தண்ணீர் அதில் அதிகம் இல்லை.

உறைந்த ஹாஷ் பிரவுன் ஏன் வேகிறது என்றால், அது ஏற்கெனவே அரைவேக்காடு. ஆலையிலேயே வெந்நீரிலோ ஆவியிலோ காட்டித்தான் உறைய வைக்கிறார்கள். கேசரோல் அதைச் சூடேற்றிச் சாறு ஏற்றினால் போதும். வேகவைக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. பாக்கெட்டின் பின்னால் சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்று ஒரு பெயர் இருக்கும். கிழங்கு கறுக்காமல் காப்பது அது. வீட்டில் துருவிய பச்சைக் கிழங்குக்கு அந்தக் காவலும் கிடையாது. பத்து நிமிடத்தில் பழுப்பேறிப் பிறகு சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும்.

"பிரெஞ்சுக்காரர்கள் கிராத்தானுக்குப் பச்சைக் கிழங்குதானே போடுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். ஆமாம். அதில் கிழங்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவல், ஊற்றுவது புளிக்காத கிரீமும் பாலும், ஓவனில் ஒன்றேகால் மணிக்கும் மேல். அது வேறு பதார்த்தம்.

புதுக் கிழங்குதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது, முதல்நாளே தொடங்க வேண்டும். ரசெட் கிழங்கு 1.2 கிலோ. தோலோடு, முழுசாக, குளிர்ந்த உப்பு நீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதித்த பின் 20 முதல் 25 நிமிடம். கத்தி நடுவரை இறங்க வேண்டும், ஆனால் கடைசியில் லேசாகத் தடுக்க வேண்டும். குக்கர் வேண்டாம், விசில் கணக்கில் இந்தப் பதம் சிக்காது. வடித்து, ஆறவைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகிவிடுவதால் மறுநாள் தோல் நழுவி வரும், துருவியின் பெரிய கண்ணில் இழை இழையாக விழும். சூட்டோடு துருவினால் மசியல்தான்.

ஏற்கெனவே பச்சையாக வைத்துவிட்டீர்களா? சூட்டை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். மேல் மொறுமொறுப்பை வழித்துத் தனியே எடுத்துவிட்டு, அரைக் கப் சூடான பாலைச் சுற்றி ஊற்றி, ஃபாயில் தாளால் இறுக மூடி 325ல் இன்னும் முக்கால் மணி. கிழங்கு ஓரளவு இளகும், சாறு கொஞ்சம் பிசிறடிக்கும். விருந்தாளிகளுக்கு முதலில் வேறு எதையாவது பரிமாறுங்கள்.

பச்சை வெங்காயத்தைக் கலப்பது

அதே புளிக் கதை. ஸ்டிக்கிலிருந்து கொஞ்சம் வெண்ணெயை எடுத்துக் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்கிவிட்டுச் சேருங்கள்.

பாக்கெட்டை உடைத்து நேராகக் கொட்டுவது

உறையும்போது பனிப்படிகங்கள் கிழங்கின் செல்களைக் கிழித்துவிடும். இளகும்போது அந்த நீரெல்லாம் வெளியே வரும். நேராகக் கொட்டினால் அது முழுதும் தட்டின் அடியில் தேங்கி, மேலே கேசரோல், கீழே சூப் என்றாகும். நடுப்பகுதி சில்லென்று இருக்க ஓரம் கருகுவது கூடுதல் பரிசு. முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, காலையில் ஒரு பருத்தித் துணியில் கொட்டிப் பிழியுங்கள், தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி. துருவலுக்கு இது கட்டாயம். சதுரத் துண்டுகளுக்கு வடித்துத் துணியால் ஒற்றினால் போதும். எதை வாங்குவது என்று கேட்டால் சதுரம்தான். துருவல் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடுகிறது, சதுரம் பல்லுக்கு அகப்படும்.

சவர் கிரீமுக்குப் பதில் தயிர்

அமெரிக்க விதிப்படி சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். சூட்டில் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரியாமல் தடுப்பதில் அந்தக் கொழுப்புக்குப் பெரிய பங்கு. தயிரில் அவ்வளவு கொழுப்பு இல்லை. துணியில் கட்டித் தொங்கவிட்டாலும் நீர் போகுமே தவிர, கொழுப்பு அந்த அளவுக்கு ஏறாது. 'லைட்' என்று எழுதிய சவர் கிரீமுக்கும் இதே கதி. தயிர்தான் இருக்கிறது என்றால் ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மைதா அடித்துச் சேருங்கள். மோர்க்குழம்பில் அரிசியும் பருப்பும் அரைத்துவிடுகிறோமே, அதே சூத்திரம்.

சூப்பில் தண்ணீர் ஊற்றுவது

டப்பாவில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஊற்றாதீர்கள்.

எக்ஸ்ட்ரா ஷார்ப் சீஸ் மட்டும் போடுவது

நீண்ட நாள் முதிர்ந்த செடார் வாசனைக்கு அருமை, உருகுவதற்கு மோசம். சீக்கிரம் எண்ணெய் கக்கும். ஷார்ப் பாதி, மைல்டு பாதி. துருவிய பாக்கெட் சீஸ் கட்டிபிடிக்காமல் இருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸ் பொடியோ தூவியிருப்பார்கள் என்பதால் அதைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. மேக் அண்ட் சீஸில் அது நியாயம். இங்கே சூப்பே மாவு சேர்த்ததுதான், பெரிய நஷ்டமில்லை. கட்டியாக வாங்கித் துருவினால் ருசி ஒரு படி மேல், நேரம் இருந்தால் செய்யுங்கள்.

யாருக்கு என்று கேட்காமல் செய்வது

மூலச் செய்முறையில் இருப்பது கிரீம் ஆஃப் சிக்கன் சூப். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் காட்டிக்கொடுக்காது. வெறும் சீஸும் கிழங்கும் என்று நம்பி மரக்கறிக்காரர் தட்டில் போட்டுக்கொள்வார். கிரீம் ஆஃப் மஷ்ரூமுக்கு மாறலாம், டப்பாவின் பட்டியலைப் படித்த பிறகு. சில சவர் கிரீம்களில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சில சீஸ்களில் விலங்கு ரெனெட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரிக்கப் போடுவது). வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு சொட்டு விடுகிறவர்கள் அதில் நெத்திலி வகை மீன் இருப்பதை நினைவில் வையுங்கள்.

உப்பு

சூப், சீஸ், கார்ன்ஃப்ளேக்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. மேசையில் ஹாம் வேறு. மிளகோடு நிறுத்துங்கள்.

முந்தின இரவே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவுவது

நமத்துப்போகும். கலவையை மட்டும் தயார் செய்து மூடி வையுங்கள், நொறுக்கியதைத் தனி டப்பாவில். ஓவனில் 30 நிமிடம் ஆன பிறகு தூவினால் கருகாமல் மொறுமொறுவென்று வரும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராக ஓவனுக்குள் வைப்பது

சூடு ஏறும் வேகத்தில் தட்டு வெடிக்கலாம். அரைமணி வெளியே வையுங்கள், அல்லது முதல்நாள் கலவையை உலோகத் தட்டில் வையுங்கள். குளிர்ந்த கலவைக்கு 15 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 165 டிகிரி காட்ட வேண்டும்.

ஓவனை வான்கோழி பிடித்துக்கொண்டிருந்தால் சண்டை வேண்டாம். வெட்டுமுன் வான்கோழிக்கு அரைமணிக்குக் குறையாத ஓய்வு தேவை, அதுதான் உங்கள் நேரம். அது இறங்க அரைமணி இருக்கும்போது கேசரோலைக் கீழ்த்தட்டில், ஃபாயில் மூடி, 325லேயே உள்ளே விடுங்கள். வான்கோழி இறங்கியதும் தாளை நீக்கி, கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி, நடுத்தட்டுக்கு ஏற்றி 350ல் இன்னும் 30 நிமிடம். எடுத்த பின் பத்து நிமிடம் தொடாமல் வைத்தால் சாறு கிழங்கோடு செட்டாகும். உடனே கரண்டி போட்டால் ஓடும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், மீந்ததை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு அடைபோலத் தட்டிச் சுட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் விருந்தன்று இருந்ததைவிட நன்றாகவே இருக்கும்.