கள்ளத்தராசை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்

ஞாயிறு பள்ளியில் எதைக் கேட்டாலும் "இயேசு", "ஜெபம் பண்ணணும்" என்று பதில் வந்துவிடும். வசனம் ஒரு பக்கம், சந்தையில் நடப்பது இன்னொரு பக்கம் என்றே பிள்ளைகள் வளர்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் பழக்க, 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தராசு போதும். 45 நிமிடம் ஒதுக்குங்கள்.

ஐந்து பேருக்கு ஒரு தராசு. 30 செ.மீ. மர ஸ்கேல், ஒரே அளவில் இரண்டு காகிதக் கப், நூல், 100 கிராம் எடைக்கல், கால் கிலோ கேழ்வரகு, கொஞ்சம் களிமண். சின்ன டீ கப் வேண்டாம், கேழ்வரகு கொள்ளாது. தர்மபுரிப் பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை, இல்லாவிட்டால் அரிசி.

ஸ்கேலில் 1, 29 என்ற கோடுகளில் கப்புகளைத் தொங்கவிட்டு, 15-இல் நூல் கட்டித் தூக்கினால் நேரான தராசு. ஒரு குழுவுக்கு மட்டும், யாருக்கும் தெரியாமல், 16-இல் கட்டுங்கள். 1 பக்கம் தாழும். 29 பக்கக் கப்பின் அடியில் களிமண் ஒட்டிச் சமப்படுத்துங்கள். வெறும் தராசு யோக்கியமாக நிற்கும். எடைக்கல்லை 29 பக்கமும் கேழ்வரகை 1 பக்கமும் வைத்தால், சுமார் 87 கிராமிலேயே ஸ்கேல் நேராகிவிடும்! நூல் சறுக்கினால் கணக்கே மாறிவிடும்; கட்டிய இடத்தில் டேப் ஒட்டுங்கள்.

அந்தக் குழுதான் கடை; எல்லாரும் அங்கே கேழ்வரகு வாங்கட்டும். எடை குறைந்தது எப்படி என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்; வாயைத் திறக்காதீர்கள். கல்லையும் சரக்கையும் பக்கம் மாற்றிப் பார்த்தவுடன் குட்டு வெளிப்படும்.

பிறகு நான்கு கேள்விகள்: அளவு என்பது எதற்காக நல்லது? எங்கே கோணலானது? யாருக்கு நஷ்டம்? சரியாவதற்கு என்ன வேண்டும்? படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, புதுப்பித்தல் என்று வேதாகமக் கதை போகும் வரிசைதான் இது: முதல் கேள்வி படைப்பு, அடுத்த இரண்டும் வீழ்ச்சி, கடைசிக் கேள்வி மீட்பும் புதுப்பித்தலும். பெயர்களைப் பிறகு சொன்னால் போதும். அதற்குப் பின்பே, எடையில் ஏமாற்றுவதைக் கண்டிக்கும் லேவியராகமம் 19:35, 36-ஐயும் நீதிமொழிகள் 11:1-ஐயும் திறங்கள். வசனத்தை முதலில் வாசித்தால் பதிலை மோப்பம் பிடித்துவிடுவார்கள், யோசிக்க மாட்டார்கள்.

வகுப்பில் மண்டிக்காரர் பிள்ளையும் இருக்கலாம். பேச்சு "வியாபாரிகள் இப்படித்தான்" என்று திரும்பினால், "நாம எதுல எடை குறைக்கிறோம்?" என்று கேளுங்கள். காப்பி அடிப்பது தானாக வெளியே வரும். வீட்டுவேலையாக, உழவர் சந்தையில் எடைக்கல்லின் முத்திரையைப் பார்த்துவரச் சொல்லலாம்.

அடுத்த வாரம் மத்தேயு 20: எப்போது வந்து வேலை செய்தாலும் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரர் உவமை. கிருஷ்ணகிரியில் திராட்சத்தோட்டத்தை மாந்தோப்பு ஆக்கிக்கொள்ளுங்கள். காகித உருண்டைகள்தான் மாங்காய். ஐந்து தடவையாக ஆள் எடுங்கள், கடைசிக் குழுவுக்கு ஒரே நிமிட வேலை. கூலி எல்லாருக்கும் இரண்டு மிட்டாய். கடைசியில் வந்தவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், உவமையிலும் அதுதான் வரிசை. மாற்றிக் கொடுத்தால் முதல் குழு மிட்டாயோடு போய் உட்கார்ந்துவிடும். முறுமுறுப்பே வராது, பேச விஷயமும் இருக்காது.