கேரவன் வாங்கப் போறீங்களா? சோபாவை விடுங்க, மூலையைப் பாருங்க

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குக் குடும்பத்தோடு போய்வர கேரவன் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய. திங்களூரில் தொடங்கி திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் வரை சுற்றுவதற்குள் வயதானவர்கள் துவண்டுவிடுகிறார்கள். வண்டியிலேயே படுக்கை, கழிப்பறை இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. அதனால் டிராவல்ஸ் நடத்தும் பையன்கள் ஒன்று வாங்கிப் போடலாமா என்று கணக்குப் போடுகிறார்கள். போட்டுவிட்டு, "மாமா, வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்று எனக்குப் போன் செய்கிறார்கள். நான் பஸ் பணிமனையில் பாடி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். எனக்குத் தெரிந்தது தகடு, மரம், ரிவிட், ஒழுகல்.

கேரவனைப் பொறுத்தவரை அது போதும். எஞ்சின் கெட்டால் மாற்றலாம், டி.வி. கெட்டால் மாற்றலாம். பாடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த வண்டி முடிந்தது.

முதலில், எப்போது போய்ப் பார்ப்பது? கோடை விடுமுறைக்காகப் பங்குனி, சித்திரையில் தேடுகிறவர்கள்தான் அதிகம். விற்கிறவருக்கும் அதுதான் வசதி. வெயிலில் எல்லாம் காய்ந்து, வார்னிஷ் அடித்து, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருப்பார். நான் ஐப்பசி, கார்த்திகையில் பார்க்கச் சொல்வேன். ராத்திரி முழுக்க மழை கொட்டிய மறுநாள் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள். கதவைத் திறந்ததும் எதையும் பார்க்காதீர்கள், மூக்கால் ஒரு இழுப்பு இழுங்கள். பூஞ்சணம் பிடித்த ஈர வாடையை எந்த ஊதுபத்தியாலும் முழுசாக மறைக்க முடியாது.

கோடையில்தான் வாங்க வேண்டும் என்றால் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சாதாரண தோட்டத்து ஹோஸ் போதும், பிரஷர் வாஷர் வேண்டாம். அந்த வேகத்துக்கு நல்ல சீலும் பிரிந்துவிடும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடிப்பக்கம், அப்புறம் ஜன்னல், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து நனைந்துவிடும், எந்த ஓட்டை வழியாக வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

"அண்ணே, இது ஒழுகவே ஒழுகாது, நான் கேரண்டி" என்று பக்கத்தில் நின்று சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது, பாடி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் கேரவன்தான் பிரபலம். பல வருஷம் அவற்றை மரச்சட்டம் அடித்து, மேலே அலுமினியத் தகடு போர்த்தித்தான் கட்டினார்கள். மூட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சட்டம் மக்கிப் போகும். பட்ட பிறகுதான் அங்குள்ள கம்பெனிகள் பலவும் மரமில்லாத சட்டத்துக்கு மாறின. இன்றைக்கு இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் தண்ணீர் புகாது என்று 10 வருஷம் வரை உத்தரவாதம் தருகின்றன. வருஷா வருஷம் கொண்டுவந்து சோதித்தால்தான் அது செல்லும் என்ற நிபந்தனையும் உண்டு. கட்டியவனுக்கே அவ்வளவு பயம் இருக்கிறது.

நம் ஊர்த் தெருக்களில் இழுவை கேரவனுக்கு வேலையில்லை. வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே நெல் அறுவடை இயந்திரம் வந்தால், பின்னால் ஒரு வீட்டையும் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது யார்? இங்கே கிடைப்பது வேனோடு சேர்ந்த கேரவன்தான். அதில் மூன்று விதம் பார்க்கிறேன். வெறும் சேசிஸ் வாங்கி, இரும்புச் சதுரக் குழாயில் கூடு கட்டி, வெளியே தகடு, உள்ளே பிளைவுட் அடித்தது ஒன்று. கரூர்ப் பக்கம் பஸ் கட்டுகிற அதே முறை. இரண்டாவது, ஃபைபர் தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்து ஒட்டிய பலகைகளால் ஆன பெட்டி. மூன்றாவது, டெம்போ டிராவலர் மாதிரி கம்பெனியிலிருந்தே முழு இரும்புக் கூட்டோடு வந்த வேனுக்குள் படுக்கை, அலமாரி போட்டது.

முதல் தடவை வாங்குகிறவருக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். கூரை கம்பெனியில் அழுத்திச் செய்தது, மூட்டு குறைவு. பிற்பாடு யார் எங்கே வெட்டினார்களோ அங்கேதான் ஒழுகும். கூரை ஏ.சி., காற்றுப்போக்கி, புது ஜன்னல், சோலார் பலகைக்குத் துளைத்த ஓட்டை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடலாம். ஃபோம் பலகைப் பெட்டியும் நல்லதுதான், ஆனால் ஒட்டு விட்டிருக்கக் கூடாது. ஒரு நாணயத்தை எடுத்துச் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக வரும் சத்தம் ஓர் இடத்தில் பொள்ளென்று மாறினால் அங்கே பிரிந்துவிட்டது. கதவுக்கு உள்ளே முதல் அடி வைக்கும் தரையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அடியில் பலகை ஊறிவிட்டது.

கூடு கட்டிய வண்டி என்றால் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறித்தான் ஆக வேண்டும். மழை விட்ட பிறகு எங்கே தண்ணீர் தேங்கி நின்றது என்பதை அழுக்கு வட்டமே காட்டிக் கொடுக்கும். ரிவிட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். தகட்டை இரும்புத் திருகால் முடுக்கி, நடுவில் எதுவும் தடவாமல் விட்டால், நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றுக்கு அதுதான் கதி. அப்புறம், மூட்டில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாத்ரூமுக்குப் பூசும் மலிவான சிலிக்கானைப் பிதுக்கும்போது வினிகர் மாதிரிப் புளித்த வாடை வரும். அந்த அமிலம் தகட்டையே தின்னும், மேலே பெயிண்டும் ஒட்டாது. வண்டி மூட்டுக்கு பாலியூரித்தேன் சீலன்ட், ஜன்னல் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், அதுதான் முறை. பழைய சீலன்ட்டின் மேலேயே அடுக்கடுக்காகப் புதுசு பூசியிருந்தால், அது ஒழுகல் தீராமல் பல தடவை வைத்தியம் பார்த்த வண்டி.

ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், மரத்தில் இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் வகை. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் என்று மல்லுக்கட்டிப் பழகிய நமக்கு இது புதுசில்லை. வெளிநாட்டுக் கணக்கில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அடைமழை மாதத்தில் நம் காற்றே ஈரம், ஒரு சொட்டுகூட ஒழுகாத மரமும் 17, 18 காட்டும். அதனால் முதலில் வண்டியின் நடுவில், வெளிச்சுவரைத் தொடாத ஒரு தடுப்புப் பலகையில் குத்தி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அலமாரிக்குள் மேல் மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, பின்கதவுக்கு மேலே என்று அளந்து அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கூடினால் பரவாயில்லை. ஐந்து, ஆறு கூடினால் அங்கே தண்ணீர் வருகிறது. பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள் இருந்தால் கருவி கன்னாபின்னாவென்று காட்டும், அந்த இடத்தை நம்பாதீர்கள்.

மழை மட்டும் இல்லை, ஏ.சி.யும் தண்ணீர் கொண்டுவரும். குளிர் நாட்டில் வண்டிக்கு உள்ளேதான் சூடும் மூச்சு ஈரமும், அது வெளித் தகட்டில் பட்டு வேர்க்கும். இங்கே நிலைமை தலைகீழ். உள்ளே ஏ.சி. குளிர், வெளியே புழுங்கும் காற்று. அந்தக் காற்று சுவர் இடுக்குக்குள் புகுந்து உள்பலகையின் முதுகில் வேர்த்து நிற்கும். கண்ணாடிக் கம்பளியை அடைத்திருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் உறிஞ்சாத, உள்ளே நுண்ணிய துளைகள் மூடியிருக்கும் கெட்டி ஃபோமை இடுக்கில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு ஸ்விட்ச் பெட்டியையோ ஸ்பீக்கரையோ கழற்றச் சொல்லி எட்டிப் பாருங்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதே ஓட்டையில் ஒயரையும் பாருங்கள். தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், ஆட்டத்தில் ஒயர் அறுந்து ஒரு நாள் தீப்பொறி பறக்கும்.

மரச்சாமான் அழகாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அலமாரியின் அடிப்பக்கம், லேமினேட் ஒட்டாத விளிம்பைத் தடவுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஒரே மழையில் ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் என்றால் நல்லது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை.

எடைக்கு வருவோம், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆர்.சி.யில் வெற்று எடையும், ஏற்றலாம் என்று அனுமதித்த மொத்த எடையும் இருக்கும். உதாரணத்துக்கு வெற்று எடை 3,300 கிலோ, மொத்தம் 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700. ஆறு பேர், தலைக்கு 65 கிலோ என்றால் 390. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பெட்டி, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் சேர்த்து 150. ஆக 640. சரி, தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் வெற்று எடை என்று எழுதியிருப்பது அலமாரி, ஏ.சி., பேட்டரி போடுவதற்கு முன் உள்ளதாக இருந்தால்? அரிசி ஆலைப் பக்கத்தில் எடை மேடைக்கா பஞ்சம். ஓட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை. பின்பக்கம் மட்டும் அதிகமாக அழுத்தினால் கனத்தை எல்லாம் வாலில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வால், பின் அச்சைத் தாண்டி, இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. அதற்குள் இருந்தாலும் மதகுப் பாலத்து மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள், தரையில் இடித்தால் வேண்டாம். ஏ.சி.யோடு சேர்த்து உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப் பாதைகளில் அது உதவும்.

அடிச்சட்டத்தை ஸ்குரூடிரைவரால் சுரண்டுங்கள். மேல் துரு என்றால் தூளாக வரும், ஏடு ஏடாகப் பெயர்ந்தால் ஆபத்து. கடலோர முகவரி உள்ள வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் ஊர் மாறி வரும், 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் அப்படிப் பேச்சு நிறைய. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் அதன் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். டயரில் 2319 என்று நான்கு எண் இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற கேரவனில் டயரின் பட்டன் தேயாமல் புதுசாக இருக்கும், ரப்பர் கிழடாக இருக்கும்.

"ராத்திரி பூரா பேட்டரியிலேயே ஏ.சி. ஓடும்ணே" என்பார்கள். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் உள்ளது 2,560 வாட் மணி. ஏ.சி. 1,000 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெளிமின்சாரம் செருகும் இடமோ ஜெனரேட்டரோ இல்லையென்றால் கனவு காணாதீர்கள், மின்விசிறி வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் வைக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். ஓட்டை இல்லாத பெட்டி இருந்தால் பேரமே பேச வேண்டாம்.

காகித விஷயம் ஒன்றுதான், ஆனால் பெரிசு. ஆர்.சி.யில் மோட்டார் கேரவன் என்று பதிவாகியிருக்க வேண்டும். இந்த வகைக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பயணிகள் வேனை வாங்கி, ஒப்புதல் இல்லாமல் உள்ளே மாற்றிவிட்டு வேன் என்றே ஓட்டுகிறவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

புதுசாகக் கட்டக் கொடுக்கிறீர்கள் என்றால் தகடு மூடுவதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெல்டிங் மூட்டுக்குப் பிரைமர் அடித்திருக்கிறார்களா, குழாய்க்குள் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கே சட்டம் போகிறது என்று பிற்காலத்தில் துளை போடுகிறவனுக்கு உதவும். ஒழுகினால் எத்தனை வருஷத்துக்கு இலவசமாகச் சரிசெய்து தருவீர்கள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் பத்து வருஷம் சொல்கிறவர் பேனா எடுத்தால் ஒரு வருஷத்துக்கு இறங்குவார். அந்த ஒரு வருஷத்துக்குள் ஓர் அடைமழை வருகிற மாதிரி டெலிவரி தேதியைப் புரட்டாசியில் வையுங்கள், கடைசித் தவணையைத் தைக்குப் பேசுங்கள்.