போர் அருங்காட்சியகமா, பேராலயமா? லண்டனில் ஒரு நாள் மட்டும் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் பொறுப்பாக இருந்து வருகிறது. ஒரே ஒரு நாள் எஞ்சியிருக்கும்போது இம்பீரியல் போர் அருங்காட்சியகமா, செயின்ட் பால் பேராலயமா என்ற கேள்வி தவறாமல் எழும். அதற்கு விடை காண்பதில் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே இன்று புதியவர்களும் செய்கிறார்கள். குடை, காலணி பற்றியெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அருங்காட்சியகத்தை முதலில் வைத்தல்

இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைக்கும் தவறு இதுதான். சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தபோது, பேராலயத்துக்கு நுழைவுச் சீட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லையே, ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று காலையில் அங்கே அழைத்துச் சென்றேன். முதல் உலகப் போர்க் கூடங்களிலேயே நண்பகல் ஆகிவிட்டது. அதன்பின் யூத இனப்படுகொலைக் கூடங்களுக்குள் நுழைந்த சித்தப்பா, ஒவ்வொரு குறிப்பையும் நின்று நிதானமாகப் படித்தார். கொல்லப்பட்டவர்களின் முகங்களுக்கு முன்னால் நிற்கும் ஒருவரை நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தேம்ஸ் நதியைக் கடந்து பேராலயத்தின் படிகளை நாங்கள் அடைந்தபோது 4 மணி கடந்திருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்து, உள்ளே மாலை வழிபாட்டுக்கான ஏற்பாடுகள் தொடங்கியிருந்தன. சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணானது. மறுநாள் அவர்களுக்கு விமானம். பிழை முழுவதும் என்னுடையதே.

பேராலயம் முதலில் ஒரு வழிபாட்டிடம் என்பதையும், சுற்றிப் பார்ப்பதற்கான நேரம் வழிபாட்டுக்கு இடையே ஒதுக்கப்படுவது என்பதையும் நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அருங்காட்சியகம் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். பேராலயத்திலோ பிற்பகல் 4 மணியளவில் பார்வையாளர் அனுமதி முடிந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் காலையில் பேராலயத்துக்குச் செல்வதே முறை. குவிமாடத்தின் உச்சியில் உள்ள பொன் மாடத்துக்கு 528 படிகள் ஏற வேண்டும் என்பதால், கால்கள் ஓய்ந்துபோன பிற்பகலை அதற்கு ஒதுக்குவது சரியாகாது. அதைவிட முக்கியமானது மனநிலை: இனப்படுகொலைக் கூடங்களை விட்டு வெளியே வந்தவுடன் பேராலயக் கூரையின் வண்ணப் பதிகற்களை அண்ணாந்து ரசிக்க எவருக்கும் மனம் இராது. சென்ற மாதம்கூட ஒரு குடும்பம் இதே வரிசையில் திட்டமிட்டிருந்தது. அதை நான் மாற்றச் சொன்னபோது, அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லையே என்ற அதே காரணத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

ஒன்று போர், மற்றொன்று பக்தி எனப் பிரித்தல்

போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் பேராலயத்தைத் தயங்காமல் கைவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நெப்போலியன் காலப் போர்களின் பிரிட்டிஷ் தளபதிகளான நெல்சனும் வெலிங்டனும் அதன் நிலவறையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1940 அக்டோபரில் ஜெர்மன் விமானத் தாக்குதலின்போது விழுந்த குண்டு உயர் பீடத்தைச் சிதைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 29 இரவில் சுற்றிலும் நகரம் எரிந்துகொண்டிருந்தபோது, தன்னார்வத் தீக்காவலர்கள் கட்டடத்தைக் காத்து நின்றார்கள். கிழக்கு முனையில் உள்ள அமெரிக்க நினைவுச் சிற்றாலயம், பிரிட்டனைத் தளமாகக் கொண்டு பணியாற்றி இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த ஏறத்தாழ 28,000 அமெரிக்கர்களுக்காக 1958-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அவர்களின் பெயர்கள் அடங்கிய ஏடு அங்கே உள்ளது. குண்டு விழுந்த இடத்திலேயே நின்று போரை அறிய விரும்புவோருக்கு, இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருந்தால், நான் பேராலயத்தையே பரிந்துரைப்பேன்.

பெயர்க் குழப்பம்

லாம்பெத் சாலையில் உள்ள அருங்காட்சியகமும், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் பயன்படுத்திய நிலத்தடி அறைகளான, அதே நிறுவனம் கட்டணம் வாங்கி நடத்தும் சர்ச்சில் போர் அறைகளும் வெவ்வேறு இடங்கள்.

சிறுவர்களை யோசியாமல் அழைத்துச் செல்லுதல்

இனப்படுகொலைக் கூடங்கள் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றவையல்ல என்று அருங்காட்சியகமே அறிவுறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமையில் பேராலயம்

அன்று வழிபாடு மட்டுமே நடைபெறும். ஞாயிறு ஒன்றே கையில் இருந்தால் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். பேராலயத்தின் உட்புறத்தை எப்படியேனும் காண விரும்புவோர் கட்டணமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். ஆனால் அப்போது எழுந்து உலவவோ படம் எடுக்கவோ கூடாது.