ஐப்பசியில் திருச்சி: மழைக்கு முந்திக்கொண்டு ஒரு நாள் சுற்றுவது எப்படி

சித்திரை வைகாசியில் திருச்சிக்கு வந்து போனவர்கள் காவிரி என்று பார்த்தது பெரும்பாலும் மணலைத்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதனால் ஐப்பசியில், அதாவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, சம்பாவுக்கான தண்ணீர் ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே வடகிழக்குப் பருவமழை. இந்த ஒரு மாதத்தில் மட்டுமே கிடைக்கும் சில காட்சிகள் இந்த ஊரில் உண்டு. "அடைமழை நேரத்தில் திருச்சியா?" என்று பலரும் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டால் மழை பெரிய தொல்லையாக இருக்காது.

முதலில் மழையின் கணக்கு

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பருவமழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் கொட்டும். திருச்சி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பகல் வெயிலில் நிலம் காய்ந்து, மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, சாயங்காலமோ முன்னிரவிலோ இடியோடு பெய்வதுதான் அக்டோபரில் இங்கே அதிகம். ஆகவே திறந்தவெளி எல்லாம் காலையில், கூரையுள்ள இடங்கள் மதியத்தில், மலைக்கோட்டை உச்சி கடைசியில், அதுவும் வானம் தெளிந்திருந்தால். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நாள் முழுக்கப் பெய்யும். அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை

குடையைவிட ரெயின்கோட் நல்லது. படியேறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கும். செல்போனுக்கும் பணத்துக்கும் தனித்தனியாக இரண்டு பிளாஸ்டிக் உறை, ஒரு துண்டு, ஒரு மாற்றுடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து இருபது ரூபாய்ச் சில்லறை. காலுக்கு ஷூ வேண்டாம். மூன்று இடங்களில் கழற்ற வேண்டியிருக்கும், நனைந்தால் அன்றைக்கு உலராது. அடிப்பாகம் தேயாத ரப்பர் செருப்பு போதும்.

படி 1: விடியும்போது அம்மா மண்டபம்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் எண் டவுன் பஸ்ஸில் ஏறி அம்மா மண்டபத்தில் இறங்குங்கள். இந்த மாதத்தில் சூரியன் ஆறு மணி சுமாருக்கு எழும். அதற்குக் கால் மணி நேரம் முன்பே படித்துறையில் இருப்பது நல்லது.

ஐப்பசிதான் துலா மாதம். மற்ற மாதங்களில் ரங்கநாதர் கோயிலுக்குத் திருமஞ்சன நீர் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் போகும். இந்த மாதம் மட்டும் காவிரியிலிருந்து, தங்கக் குடத்தில், யானை மேல். நாகஸ்வரம் முன்னே போக, யானை அம்மா மண்டபத்திலிருந்து கோயில் வரை நேர்ச்சாலையில் நடக்கும். கூட்டத்தோடு பின்னால் நடக்கலாம். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். யானைக்குப் பக்கவாட்டில் நெருங்கி நடக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

குளிக்க நினைப்பவர்களுக்கு: தண்ணீர் இறங்கி ஏறும் படிகளில் பாசி பிடித்திருக்கும். காலைத் தட்டையாக ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். தடுப்புக்கு உள்ளேயே, இடுப்பளவுக்கு மேல் போகாமல் முங்கி எழுந்தால் போதும். மேட்டூரில் உபரிநீர் திறந்திருப்பதாக முந்தைய நாட்களில் அறிவிப்பு வந்திருந்தால் ஆற்றில் இறங்கவே வேண்டாம். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று கழுத்தளவு ஆகியிருக்கும், மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஐப்பசியில் காவிரியில் குளிக்கும் துலா முழுக்குக்கு ஒரு வழக்கு உண்டு: முதல் முழுக்கு திருப்பராய்த்துறை, கடை முழுக்கு மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை). நீங்கள் வருவது ஐப்பசி முதல் நாள் என்றால் அம்மா மண்டபத்துக்குப் பதில் கரூர் சாலையில் உள்ள திருப்பராய்த்துறைக்கே போய்விடலாம்.

படி 2: ஒன்பதரைக்கு மேல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

ஸ்ரீரங்கத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மேற்கே மேலூர் பக்கம் ஆட்டோவில் போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 25 ஏக்கரில் 2015-இல் திறந்த பூங்கா இது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பஸ் குறைவு என்பதால் திரும்புவதற்கும் சேர்த்து ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்து "பூச்சியே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. காரணம் எளிது: அவர்கள் வந்தது மூன்று மணிக்கு, மேகமூட்டத்தில். வண்ணத்துப்பூச்சிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. சிறகில் வெயில் பட்டால்தான் பறக்கும். முதல் நாள் மழை பெய்து, மறுநாள் காலை பளிச்சென்று வெயில் அடித்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது. பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பார்க்கலாம்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். பாதை நெடுக நடந்துகொண்டே இருந்தால் ஒன்றும் சிக்காது. கிலுகிலுப்பைச் செடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீல வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் அதன் வாடிய தண்டிலும் இலையிலும் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இணை தேடத் தேவையான வாசனைப் பொருளை ஆக்க அந்தச் சாறு அவற்றுக்கு வேண்டும். எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் வெந்தய வரியன் முட்டையிட வரும். எலுமிச்சை, கறிவேப்பிலை மரங்களைச் சுற்றி பெரிய கருப்புச் சிறகுகள் அலைந்தால் அவை அழகி வகைகள். மழைக்குப் பின் ஈரமண் திட்டுகளிலும் கண் வையுங்கள்; உப்புச்சத்துக்காக ஆண்கள் அங்கே வந்து இறங்கும். ஒரு இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள்.

படம் எடுக்கும்போது செய்யும் முதல் தவறு, உங்கள் நிழல் அதன்மேல் விழுவது. நிழல் பட்டதும் பறந்துவிடும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, ஒரு மீட்டர் தள்ளி, செல்போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். வானம் மூடிவிட்டால் சோர வேண்டாம். எருக்கிலை, எலுமிச்சை இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் இருக்கும். குழந்தைகளோடு வந்தால் சில நேரம் இதுதான் அதிகம் பிடித்துப்போகிறது. தொடவும் பறிக்கவும் கூடாது.

படி 3: மதியம் கூரைக்குக் கீழே

சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்கு ஊருக்குள், மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் ராணி மங்கம்மாள் மகாலுக்கு வாருங்கள். நாயக்கர் கால தர்பார் மண்டபத்தில்தான் அரசு அருங்காட்சியகம் நடக்கிறது. ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை.

தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களில் என்.எஸ்.பி. ரோடும் பெரியகடை வீதியும் நகரவே முடியாத அளவுக்கு நெரியும். அந்த நாட்களில் ஆட்டோவை மெயின் கார்டு கேட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வழியில் ஒரு முழம் செவ்வந்தி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு.

படி 4: நாலு மணிக்கு மலைக்கோட்டை

பாறை 83 மீட்டர் உயரம், படிகள் நானூற்றுக்கு மேல். செருப்பை அடிவாரத்தில் விட வேண்டும். தாயுமானவர் சன்னதி வரை படிக்கட்டு கூரைக்குள்ளேயே போவதால் மழை வந்தாலும் கவலையில்லை. ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். வேகமாக ஏறுபவர்கள்தான் நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உச்சிக்குப் போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த மேல் குடைவரை இருக்கிறது. பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கங்கையைச் சடையில் தாங்கும் சிவனின் சிற்பம் உள்ளே இருக்கிறது. கம்பிக்கதவு பூட்டியிருந்தால் கம்பி வழியாகவே பாருங்கள். பக்கத்துத் தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்வது இது: சிவன் ஆறுகள்மேல் ஆசை உள்ளவர், காவிரியைக் கண்டால் அவள்மேலும் மனம் போய்விடுமோ என்று அஞ்சிய மலைமகள், "இந்த ஆறு பல்லவனின் துணைவி" என்று சொல்லிக்கொண்டு இந்த மலையிலேயே தங்கிவிட்டாள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. வெளியே வந்து வடக்கே திரும்பினால் அதே காவிரி, கரை நிறையத் தண்ணீரோடு. ஐப்பசியில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

குடைவரையைத் தாண்டியதும் திறந்த பாறையில் வெட்டிய படிகள். நனைந்திருந்தால் கைப்பிடியை விடாதீர்கள். இடி கேட்டால் ஏறவே வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் இல்லை. தெளிந்த நாளில் ஐந்தேகாலுக்குள் உச்சியில் இருங்கள். சூரியன் ஐந்தே முக்கால் சுமாருக்கு இறங்கும். மழை கழுவிய காற்றில் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். முழுக்க இருட்டும் முன் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

சத்திரத்திலிருந்து பஸ்ஸில் கல்லணை. பாலத்தின்மேல் நடந்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நான்காகத் தண்ணீர் பிரிவதைப் பார்க்கலாம். முதல் மூன்றும் வயலுக்கு, கொள்ளிடம் உபரிக்கு. கொள்ளிடத்து மதகுகள் திறந்து இரைந்துகொண்டிருந்தால் மேலே இருந்து வெள்ளம் வருகிறது என்று பொருள். அன்றைக்குத் தண்ணீருக்குப் பக்கத்தில் போகாதீர்கள். சாதாரண நாளிலும் மதகுக்குக் கீழே குளிக்கவே கூடாது. விழும் தண்ணீர் ஆளை அடியில் இழுத்துச் சுழற்றும்.

ஐப்பசிக் கடைசி நாள் என்றால் கல்லணையை விட்டுவிட்டு, காலை ரயிலில் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்குப் போய்விடுங்கள். துலாக் கட்டம் என்ற படித்துறையில் அன்றுதான் கடைமுகம், அதாவது கடை முழுக்கு. தவறவிட்டவர்களுக்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு இருக்கிறது.