நடுக்களக்காரனுக்கு ஒரு கொப்பி

கோல் அடித்தவனின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். பெனால்ட்டியைத் தடுத்த காப்பாளனைத் தோளில் தூக்குவார்கள். அந்தக் கோலுக்கு மூன்று பாஸ் முன்னால், இரண்டு எதிராளிகளுக்கு நடுவே பந்தை வாங்கித் திரும்பியவனை யாருக்கும் நினைவிருக்காது. பதினொரு வருடம் நான் அவனாக இருந்தேன். இப்போது திருகோணமலையில் ஒரு மீன் மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். ஆகவே, உதைபந்தாட்டத்தைத் தொழிலாக்க நினைக்கும் மத்தியகளத் தம்பிமாருக்கு நான் சொல்வதும் கணக்கப்பிள்ளையின் யோசனையாகத்தான் இருக்கும். உன் ஆட்டத்தை எழுதி வை.

நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கு. ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஒரு பக்கம், பக்கத்திற்கு நான்கு கட்டம். பந்து வருமுன் தலை திரும்பிப் பார்த்தாயா என்பது முதற் கட்டம். வாங்கிய பந்தை முன்னே அனுப்பினாயா, பக்கத்திலோ பின்னாலோ தள்ளினாயா என்பது இரண்டாவது. பறிகொடுத்தது மூன்றாவது, பறித்தது நான்காவது. இதை நீ எழுதக் கூடாது. ஆடியவனின் ஞாபகம் தனக்குச் சாதகமாகவே பேசும். என் அக்காவின் மகள், நமது ஊர் ஏகாம்பரம் மைதானத்தில் ஓரமாக உட்கார்ந்து எழுதுவாள். மீன் பெட்டி எண்ணுவதைப் போல நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. சென்ற வருடம் ஒரு பையன் தான் நன்றாக ஆடியதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பக்கத்தைக் காட்டினேன். நாற்பத்தொரு தடவை பந்து அவனிடம் வந்திருந்தது. வருமுன் சுற்றிப் பார்த்தது ஒன்பது தடவை. அவன் முகம் சுருங்கியது. அடுத்த கிழமை முதல் அவன் கழுத்து வேலை செய்யத் தொடங்கியது.

முதற் கட்டத்தை நான் ஏன் முதலில் வைத்தேன் என்றால், நடுக்களத்தில் ஆபத்து நான்கு பக்கமிருந்தும் வரும். பின்வரிசை ஆட்டக்காரனுக்கு எல்லாம் முன்னால் தெரிகிறது; உனக்கு அந்தச் சலுகை இல்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் மத்தியகள வீரர்களின் ஆட்டப் படங்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகம் போய்ச் சேர்ந்தன. இதைக் கற்க நார்வே வரை போகவும் தேவையில்லை. நமது ஊரில் கோட்டைப் பக்கம் மேயும் மான் ஒன்றைப் பத்து நிமிடம் நின்று பார். இரண்டு கடி, ஒரு நிமிர்வு. காது முன்னே இருக்கும்போது கண் பின்னே போயிருக்கும். புல்லைப் பார்த்துக்கொண்டே மேயும் மான் நெடுநாள் இருக்காது.

பயிற்சி இதுதான். டச்பே கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலுக்கு மாலையில் போ. காய்ந்த மணலில் பந்து உருளாது, கெண்டைக்கால்தான் நோகும். உனக்கு முன்னால் பத்து அடியில் ஒருவன் பந்தோடு நிற்கட்டும். பின்னால் இன்னொருவன் நின்று விரல்களை உயர்த்தட்டும். பந்து முன்னவனின் காலை விட்டுக் கிளம்பியதும் நீ தோளுக்கு மேலால் பார்த்து, அது உன் காலைத் தொடுமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் திரும்பி ஓடு. பிழைத்தால் பந்தைத் திருப்பிக் கொடு. இரண்டு கிழமையில் இது எளிதாகிவிடும். அப்போது விரலுக்குப் பதிலாகப் பின்னவன் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரட்டும். நீ அவன் விட்ட பக்கமாகத் திரும்பு. அதுதான் உண்மையான ஆட்டம்.

உடம்பு சிறிதாயிற்றே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். லூக்கா மொட்ரிச், 1985இல் பிறந்தவர். போரில் வீடிழந்து, குரோஷியாவின் சடார் நகரில் அகதிகள் தங்கிய ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் பந்து உதைத்து வளர்ந்தவர். மெலிந்தவர் என்று ஒரு பெரிய கழகம் திருப்பி அனுப்பியது. 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 33. அகதி முகாம் பார்த்த நமது ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது வீடியோ. முன்களக்காரன் தன் கோல்களை வெட்டி ஒட்டி மூன்று நிமிடத்தில் அனுப்பலாம். நீ அப்படிச் செய்தால் சாதாரண பாஸ்களின் தொகுப்பாகத்தான் இருக்கும். தேர்வாளர் பார்க்க விரும்புவது பந்து இல்லாதபோது நீ எங்கே நிற்கிறாய் என்பதை. ஆகவே தம்பியையோ நண்பனையோ மைதானத்தின் நடுக்கோட்டு உயரத்தில், மதில் மேலோ படிக்கட்டிலோ ஏற்றி, பாதி மைதானமாவது தெரியும்படி அகலமாக எடுக்கச் சொல். பந்தைத் துரத்திக் கமெராவை ஆட்டக் கூடாது. சுருக்கத்தில் நீ பந்தை இழந்து, ஓடிப்போய் மீட்ட ஒரு காட்சியையும் வை. முழு ஆட்டம் ஒன்றையும் வெட்டாமல் கூடவே அனுப்பு.

கொழும்பில் தேர்வு என்றால் முதல் நாளே போய்விடு. இருபத்திரண்டு வயதில் நான் இரவு பஸ்ஸில் புறப்பட்டு, சோதனைச் சாவடி தோறும் இறங்கி ஏறி, விடிந்ததும் நேரே ஒரு கழகத்தின் மைதானத்திற்குப் போனேன். வயிற்றில் ஒரு தேநீரும் பணிசும். இருபதாவது நிமிடத்தில் இரண்டு காலும் பிடித்துக்கொண்டது. பயிற்றுநர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்று சாவடி இல்லை, இரவு ரயிலில் சுகமாகப் போகலாம். ஆனாலும் ரயிலில் தூங்கியது தூக்கமாகாது. மாமா வீடோ நண்பனின் அறையோ தேடு. இரவில் சோறும் மீனும் சாப்பிடு, காலையில் வாழைப்பழம்.

இனி ஒப்பந்தம். எழுத்தில் ஒப்பந்தமும், ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலான ஊதியமும் இருந்தால்தான் உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபா ஒருவரைத் தொழில்முறை வீரர் என்கிறது. பஸ் காசும் சாப்பாடும் தருகிறோம் என்பது தொழில் ஆகாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருடன் மூன்று வருடத்திற்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. மற்றவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம் உச்சம். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதவும் கூடாது. பரிசோதனை கையெழுத்துக்கு முன் நடக்க வேண்டியது. காகிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், படித்த ஒருவர் தமிழில் வரிக்கு வரி சொன்ன பிறகே பேனாவை எடு. பதினெட்டு வயதுக்கு முன் வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன், இவ்வளவு காசு கட்டு என்று யாராவது வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடு. மிகச் சில விதிவிலக்குகள் தவிர அந்த வயதில் நாடு மாற்றிப் பதிய ஃபிஃபா விதி இடம் தராது.

காகிதங்களைப் பத்திரப்படுத்தினால் உன் ஊர்க் கழகத்திற்கும் பலனுண்டு. நாளைக்கு நீ பணம் கொடுத்து வாங்கப்பட்டு வெளிநாட்டுக் கழகமொன்றுக்கு மாறினால், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து, 12 முதல் 23 வயது வரை உன்னைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரியும். இரண்டு கோடி ரூபாய் என்றால் பத்து இலட்சம். உன் பதினாறாவது வயதுக்குப் பிறகு ஒரு பருவம் உன்னைப் பதிவில் வைத்திருந்த சிறு கழகத்திற்கு அதில் ஒரு இலட்சம் சேரும். பதிவு இருந்தால் மட்டும். என் கழக அட்டைகளும் பத்திரிகைத் துண்டுகளும் 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடலோடு போயின. நான் ஆடினேன் என்பதற்கு இன்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஆறேழு பேர். நீ எல்லாவற்றையும் படம் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வை.

உயர்தரப் பரீட்சையை விடாதே. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி ஆகஸ்டில்தான் விடுவித்தது. ஏழு மாதம் தேசிய அணிக்கே சர்வதேச ஆட்டம் கிடையாது. வேறு தொழில் கையில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

கொப்பி எழுதும் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்ததும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க மறவாதே. மறந்தால் அடுத்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நீ பந்தையே தொட்டிருக்க மாட்டாய்.