சாமி சாட்சி இல்லாமல் ரெஜிஸ்டர் கலியாணம்: இலங்கை மலையகத்தில் நான் செய்த விதம்

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. நான் கட்டியவளுக்கும் இல்லை. அவள் வீட்டார் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்), எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாரியம்மன். இரண்டு பக்கமும் "தாலி மட்டுமாவது", "ஒரு ஜெபம் மட்டுமாவது" என்று இழுத்தார்கள். கடைசியில் எதுவும் வைக்காமல் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டோம். அது அரை மணி நேர வேலைதான். அதற்கு முன் ஒரேயொரு தாளுக்காக மூன்று நாள் அலைந்தேன். தோட்டத்துப் பேச்சில் சொன்னால் மூன்று பேர் (மூன்று நாள் சம்பளம்) போச்சு. உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் உண்டு. அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்தது. மாலை மாற்றினாலே செல்லும். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறவர்கள் பலர். தாத்தா காலத்தில் இளஞ்செழியனின் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் அந்தப் பேச்சைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. 1962இல் அரசாங்கம் அந்தக் கழகத்தைத் தடை செய்தது. பேச்சு வந்த அளவுக்குச் சட்டம் கடல் தாண்டி வரவில்லை. இங்கே மாலை மாற்றுங்கள், திருக்குறள் படியுங்கள், நண்பர் ஒருவரை நடத்திவைக்கச் சொல்லுங்கள், எல்லாம் உங்கள் விருப்பம். ஸ்கொட்லாந்தில் 2005 முதல் மதம் சாராத மனிதநேயர் அமைப்பே சட்டப்படி நடத்திவைக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. பதிவாளர்தான்.

படி 1: அறிவித்தல் கொடுப்பது

1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் நமக்குரியது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 10 நாளாவது வசித்த பிரிவின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நான் ஹட்டன், அவள் தலவாக்கலை. பிரிவு வேறு என்பதால் அவரவர் பக்கத்தில் தனித்தனியாகக் கொடுத்தோம். பதிந்த பிறகு 12 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கலியாணத்தை முடித்துவிட வேண்டும். அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் உண்டு, ஆனால் செலவு கூட. எனக்கு அது வீண் என்றுதான் படும்.

படிவத்தில் 'இனம்' என்று ஒரு இடம் வரும். அது மதம் இல்லை. என் நண்பன் அதில் 'இந்து' என்று எழுதிவிட்டு வெட்டி எழுதினான். 'இந்தியத் தமிழர்' என்பதா 'மலையகத் தமிழர்' என்பதா என்பது வேறு பெரிய கதை, அதை இங்கே தொடங்கினால் கலியாணம் நடக்காது.

படி 2: சத்தியக்கடதாசி (நான் விழுந்த இடம்)

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் செல்வராஜா. அடையாள அட்டையில் செல்வராஜ். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) கொண்டுவரச் சொன்னார்கள்.

டவுனில் ஒரு கொமினிகேஷனில் (போட்டோ கொப்பி, டைப் அடிக்கும் கடையில்) தயாராக வைத்திருந்த படிவத்தை எடுத்துத் தந்தார்கள். முதல் வரியே "இந்துவாகிய நான்". எடுங்கள் என்றேன். எடுத்தால் செல்லாது என்றார்கள். இப்படியான தாள்களை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடும் சமாதான நீதவான் (ஜே.பி.) ஒருவரிடம் போனேன். "மதம் இல்லாமல் எப்படித் தம்பி கையெழுத்துப் போடுறது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த நாள் இன்னொருவர். அவர் 'கிறிஸ்தவர்' என்று போடட்டுமா என்று உதவி செய்யப் பார்த்தார்!

அந்த வரி ஏன் வருகிறது என்று தேடிப் பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், சத்தியங்கள் உறுதியுரைகள் பற்றியது. அதன் 5ஆம் பிரிவு, சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதியுரைக்கலாம் (சாமி சாட்சி இல்லாமல் உறுதி சொல்லலாம்) என்று சிலருக்கு இடம் கொடுக்கிறது. பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று பெயர் சொல்லி வரும். அதனால்தான் எல்லாரும் மதத்தை முதலில் எழுதிப் பழகிவிட்டார்கள். ஆனால் அதே பிரிவில், அடுத்தபடியாக, சத்தியம் செய்ய மனச்சாட்சிப்படி ஆட்சேபம் உள்ளவரும் உறுதியுரைக்கலாம் என்று இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். நூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது.

நான் எழுதிய வரி:

"சத்தியம் செய்ய மனச்சாட்சிப்படி ஆட்சேபம் உள்ளவராகிய நான், உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதியுரைப்பதாவது..."

மேலே இதை எழுதிவிட்டுக் கீழே விட்டுவிடாதீர்கள். சமாதான நீதவான் கையெழுத்துக்கு மேலே 'சத்தியம் செய்து / உறுதியுரைத்து' என்று அச்சடித்திருப்பார்கள். முதல் சொல்லை வெட்டச் சொல்லுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தால் பின்னால் வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். அந்தப் பிரிவைப் போட்டோ கொப்பி எடுத்துக் கையில் வைத்திருங்கள். மூன்றாவது நீதவான் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினார்.

தாளை வீட்டிலேயே யுனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கடைக்காரர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திறந்தால் உங்கள் மனச்சாட்சி பெட்டி பெட்டியாக வரும்.

படி 3: கலியாண நாள்

இரண்டு சாட்சிகள், அடையாள அட்டைகள், அவ்வளவுதான். பதிவாளர் கையெழுத்துக்கு முன் சில வரிகள் சொல்ல வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பொதுவில் ஒருவரையொருவர் ஏற்று, பதிவேட்டில் ஒப்பமிட்டாலே, வேறு எந்தச் சடங்கும் சமயக் கிரியையும் நடக்காவிட்டாலும், நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி என்பது அதன் சாரம். அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்திருந்தேன். நான் ஆறு மாதமாகச் சொல்லி ஏறாதது, அரசாங்க ஆள் ஒருவர் சொன்னதும் ஏறிவிட்டது. "அப்போ இது நெசக் கலியாணந்தானே" என்று அவளிடமே கேட்டார்.

அப்புறம், படத்தைப் பேஸ்புக்கில் போடும்போது மதத்தைக் கிண்டல் பண்ணி வசனம் எழுத வேண்டாம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது, உண்மை. ஆனால் 2023இல் நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய மேடைப் பேச்சுக்காக ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர், எந்த நீதவானும் ஒப்பமிடவில்லை என்று எழுதியிருக்கிறார். சத்தியப் பிரமாண ஆணையாளராக இருக்கும் வழக்கறிஞரிடம் போங்கள். காசு கொஞ்சம் போகும், வாக்குவாதம் மிச்சம்.

இன்னொன்று: இருவரும் முஸ்லிம்கள் என்றால் மேலே சொன்ன 1907 சட்டம் பொருந்தாது, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டம்தான். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது பெரிய சிக்கல். வழக்கறிஞரைப் பார்க்காமல் படிவம் நிரப்பாதீர்கள்.

பிள்ளை பாடசாலையில் சமயப் பாடம் எடுக்காமல் விடலாமா என்று கேட்டவருக்கு: சாதாரண தரப் பரீட்சையில் (ஓ/எல்) சமயம் கட்டாயப் பாடம், 'மதம் இல்லை' என்று ஒரு வினாத்தாள் கிடையாது. எங்கள் அக்காவும் சாமி கும்பிடாதவர்தான். அவர் மகள் சைவநெறி என்ற சமயப் பாடத்தை எடுக்கிறாள். போன தவணை 84 புள்ளி.